அம்மிணி, உன் வாசலில் கூப்பிட்டது யார்?

அம்மிணி,

நீயும் குழந்தையும் உள்ளறையில் தூங்குகிறீர்கள். மாப்பிள்ளை வழக்கம்போல மலை ஓட்டலுக்குப் போய், வெளிநாட்டுக்காரர்களுக்கு மூச்சு விடக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறார். மதியம்தான் ஆகிறது, ஆனாலும் ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. உங்கள் ஊர்ப் பனிக்கு நேரம் காலம் கிடையாது. நாளைக்கு நான் மைசூருக்குக் கிளம்புகிறேன். வரும்போது உன்னையும் கூட்டிக்கொண்டு திரும்புவதாகத்தான் ஏற்பாடு. இப்போது தனியாகப் போகிறேன். போவதற்கு முன் சிலதைச் சொல்லிவிட வேண்டும். நேரில் ஆரம்பித்தால் நான் ஜோக் அடித்துவிடுவேன், நீ சிரித்துவிடுவாய், சொல்ல வந்தது அப்படியே போய்விடும். நம் குடும்பத்தில் இப்படிப் போனவை ஏராளம்.

இதை உன் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் போகப்போவதில்லை. மைசூர்த் தமிழ்க்காரர்கள் வருஷா வருஷம் போடுகிற மலருக்குக் கொடுக்கப்போகிறேன். நஞ்சன்கூடு ஃபேக்டரி கேன்டீனில் சாம்பாருக்கு உப்புப் பார்க்கிற ஆசாமியான என் சிரிப்புக் கட்டுரைக்கு அதில் எப்போதும் இரண்டு பக்கம் உண்டு. இந்த வருஷம் சிரிப்புக் குறைவாக இருக்கும், பொறுத்துக்கொள்ளட்டும். ஊரறிய ஏன் எழுதுகிறேன் என்றால், பேசியது ஊர். நீ கன்னட மீடியத்தில் படித்தவள், தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய். கஷ்டமான இடங்களை மாப்பிள்ளை படித்துக் காட்டட்டும். அவருக்கும் தெரியாத விஷயம் இதில் ஒன்று இருக்கிறது.

நீ முழுகாமல் இருக்கும் செய்தி வந்த அன்றே நம் தெருவில் இலங்கையைப் பற்றி ஒரு பல்கலைக்கழகம் திறந்துவிட்டார்கள். யோகா படிக்க மைசூருக்கு வந்து நம் மாடியில் குடியிருந்த பையன், உன்னைக் கட்டிக்கொண்டு தன் மலைநாட்டு ஊருக்குப் போனதையே அவர்கள் இன்னும் ஜீரணிக்கவில்லை. இப்போது பிரசவமும் அங்கேதான் என்று நீ சொன்னதாகக் கேட்டதும், எதிர்வீட்டு சாரதம்மா கேட்டைத் திறந்துகொண்டே உள்ளே வந்தாள். “பேடா ரீ, வேண்டவே வேண்டாம். அங்க பொறந்தா குழந்தை அவங்க நாட்டுக் குழந்தையாம். திரும்ப அனுப்பவே மாட்டாங்களாம்.” பிறந்த மண்ணை வைத்து அங்கே குடியுரிமை வருவதில்லை, பெற்றவர்களை வைத்துத்தான் என்று நீ பிறகு சொன்னாய். அதைச் சாரதம்மாவிடம் சொல்வதற்குள் ஹனூரிலிருந்து உன் மாமா போனில் வந்துவிட்டார். “என்னுங்க மாப்ள, புள்ளைய அங்கயே உட்டுப்போட்டு உக்காந்துட்டிருக்கறீங்க? ஊசி கூட இல்லியாமா அங்க. செல்லுல பாத்தனுங்க.” அவர் பார்த்தது எந்த வருஷத்துப் படம் என்று கேட்டேன். “படம் படந்தானுங்களே” என்றார். மெடிக்கல் ஷாப்காரர் தன் பங்குக்கு, “சும்மா கொடுக்கிற மருந்துல பாதி சாக்பீஸ் பொடி சார்” என்றார். அவர் விற்கிற மருந்தில் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. பக்கத்துக் கடை, நாளைக்கும் போக வேண்டும்.

இதில் என் கையும் சுத்தமில்லை. வாய் சும்மா இருக்காமல் ஒருநாள் தெருமுனையில், “கடல் தாண்டினா ரத்த வகையே மாறிடுமாம், இங்க ஓ பாசிட்டிவ், அங்க போனா வேற ஏதோவாம்” என்று விளையாட்டுக்குச் சொன்னேன். சாயங்காலம் அதே செய்தி சாரதம்மா வழியாகச் சுற்றிக்கொண்டு என்னிடமே வந்து சேர்ந்தது, ஒரு டாக்டரே சொன்னதாக. நான் கிளப்பிவிட்ட புரளிதான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று படுக்கும்போது உன் ரத்த வகையை நினைத்துக் கொஞ்சம் கவலைப்பட்டேன். புரளியின் குணம் அது. வீட்டை விட்டுப் போகும்போது நம் பிள்ளையாகப் போகும், திரும்பி வரும்போது பெரிய மனுஷனாகி வரும், எழுந்து நிற்கத் தோன்றும்.

தலைப் பிரசவம் பிறந்த வீட்டில்தான் என்பது நமக்குக் கல்லில் எழுதின சட்டம். உங்கம்மா வந்து கூட்டிப் போவதாக இருந்தது. அவள் பாத்ரூமில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டதால், வீட்டில் மிச்சமிருந்த பெரியவர் என்ற தகுதியில் நான் அனுப்பப்பட்டேன். பெட்டி நிறைய லேகியமும் பூண்டும். “மூஞ்சியப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே இருந்தரக் கூடாது. கையப் புடிச்சுக் கூட்டிட்டு வரோணும்” என்று உங்கம்மா கட்டுப் போட்ட கையை ஆட்டிக் காட்டினாள்.

கொழும்பிலிருந்து ரயில் மலையேற ஏற, ஜன்னல் வழியே உலகம் வெள்ளையாக அழிந்துகொண்டு வந்தது. ஸ்டேஷனில் மாப்பிள்ளை காத்திருந்தார். உங்கள் சந்துக்குள் நுழைந்தபோது இரண்டு பக்கமும் கம்பத்துக்குக் கம்பம் கயிறு கட்டி வெள்ளைக் கொடிகள் தொங்கின. காற்றே இல்லை, ஆனாலும் அவை லேசாக அசைந்துகொண்டிருந்தன. வெள்ளைத் துணி வரிசை உன் வீட்டு வாசலைத் தொட்டுக்கொண்டு மேலே போனது. மாமனார் வருகிறார் என்று மரியாதை செய்கிறார்களோ என்றுகூட ஒரு கணம் நினைத்து, கீழே நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன். “மாமா, மேல் வீட்டு ஆச்சி தவறிட்டாங்க. இங்க சாவுக்கு வழியெல்லாம் இப்படித்தான் கட்டுவாங்க” என்றார் மாப்பிள்ளை மெதுவாக. போட்டோவை அங்கேயே அழித்தேன். உங்கம்மாவிடம் மூச்சு விடவில்லை. பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டு வாசலில் சாவுக்கொடி என்று கேட்டால், அவள் உடைந்த கையோடு கடலை நீந்தி வந்திருப்பாள்.

நீ வாசலுக்கு வந்தாய். முகம் பூரித்திருந்தது. பூரிப்பு என்றுதான் நினைத்தேன். கால்கள் இரண்டும் தலையணை மாதிரி இருந்தன. சாரதம்மாவுக்குப் போன் செய்தால், “கால் வீங்கினா கண்டிப்பா ஆண் குழந்தை” என்றாள். கொண்டுவந்த எண்ணெயைக் காய்ச்சித் தடவிவிட்டேன். “குளிர் ஊருல்ல, அதான்” என்றேன். நீயும், “ஆமாப்பா, அதான்” என்றாய். நீ அவ்வளவு சுலபமாக என் பேச்சை ஒப்புக்கொண்டது உன் வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

இங்கே நான் ‘நாளே பா’ கதையைச் சொல்லியாக வேண்டும். நீ பிறப்பதற்கு முன்னால், நான் மீசை முளைத்த புதிதில், கன்னட தேசம் முழுக்க அந்தப் பேய் உலாவியது. வீட்டு வாசலில் வந்து நிற்கும். உனக்கு நெருக்கமானவர் யாரோ அவர் குரலில் கூப்பிடும். கதவைத் திறந்தால் அவ்வளவுதான். அதற்கு ஒரே மருந்து, கதவில் ‘நாளே பா’ என்று எழுதிவைப்பது. நாளைக்கு வா என்று அர்த்தம். அது வரும், படிக்கும், சரி என்று போய்விடும். மறுநாள் வரும், மறுபடியும் படிக்கும், போய்விடும். எழுதினதைப் படித்து அதன்படி நடக்கிற ஒரே பிரஜை அதுதான் என்று நான் கிண்டல் பண்ணுவேன். எங்கள் தெருவில் பாதிக் கதவுகளில் சாக்பீஸால் எழுதியதும் நான்தான், குறும்புக்கு. எழுதி முடித்துவிட்டு என் வீட்டைப் பார்த்தால் அதில் மட்டும் எழுதவில்லை. ஒரு வாரம் போர்வைக்குள் வியர்த்துக் கிடந்தேன்.

நான் வந்த மறுநாள் காலை, மாப்பிள்ளை வேலைக்குப் போய்விட்டார். நீ தலையில் துணி கட்டிக்கொண்டு உள்ளறையில் படுத்திருந்தாய். நான் முன்னறையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். வெளியே பனி, பாலைக் கொட்டின மாதிரி. கேட்டுக்குப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல். “வீட்டில இருக்காங்களா?” எழுந்து ஜன்னல் வழியே பார்த்தேன். ஒரு கறுப்புக் குடை தெரிந்தது. குடைக்குக் கீழே வெளிறிய சேலை. சேலைக்குக் கீழே, எவ்வளவு உற்றுப் பார்த்தும், ஒன்றுமில்லை. முழங்காலுக்குக் கீழே பனிதான். காலில்லாதது எது என்று நமக்குச் சின்ன வயசிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறார்களே. மேலே கொடிகள், கீழே கால் இல்லாத குடை. என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒட்டியதைப் பிய்த்துக்கொண்டு நான் சொன்ன வார்த்தை, “நாளைக்கு வா.”

“சரிங்க ஐயா” என்றது குரல்.

எனக்கு உயிர் போனது அப்போதுதான். மைசூரில் நாளைக்கு வா என்றால் யாராவது சரி என்று போயிருக்கிறார்களா? கேபிள்காரன் போவானா, பேப்பர்க்காரன் போவானா? ஏன், எப்போது என்று நின்று சண்டை போடுவார்கள். இது ஒரு கேள்வி கேட்கவில்லை. குடை திரும்பியது, பனிக்குள் கரைந்தது. வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் இதையெல்லாம் சொல்லக்கூடாது என்று உன்னிடம் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த நாள் வெளியே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கதவைத் தாழிட்டு, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, டிவியில் யாரோ சிங்களத்தில் செய்தி வாசிப்பதைப் புரிந்த மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கரண்ட் போனது. வீடு கிணற்றுக்குள் விழுந்த மாதிரி அமைதி. அப்போது வாசலில் கூப்பிட்டது.

“அம்மிணி… அம்மிணீ…”

உன்னை அந்தப் பேர் சொல்லி இந்த ஊரில் யார் கூப்பிடுவார்கள்? மாப்பிள்ளை உன் பேரைச் சொல்வார். அக்கம்பக்கத்தில் அக்கா என்பார்கள். அம்மிணி என்பது ஹனூர், கொள்ளேகால் பக்கத்து வழக்கம், அதுவும் உன்னை அப்படிக் கூப்பிடுகிறவர்கள் உலகத்தில் இரண்டே பேர். அதில் ஒருவன் நாற்காலியில் உறைந்து உட்கார்ந்திருந்தான். குரல் அச்சு அசல் உங்கம்மாவுடையது. கடைசி எழுத்தை நீட்டி, கொஞ்சம் அலுப்போடு, எத்தனை தடவைதான் கூப்பிடறது என்கிற தொனியோடு. முப்பது வருஷம் என்னைக் காய்கறி நறுக்கக் கூப்பிட்ட குரல் எனக்குத் தெரியாதா? என் கால் தானாகவே கதவைப் பார்த்து நகர்ந்தது. கையால் காலைப் பிடித்து நிறுத்திக்கொண்டு, “நாளைக்கு வா” என்றேன். கத்தினேனா, முனகினேனா தெரியாது. அதற்கப்புறம் வெளியே ஒன்றுமில்லை. காலடிச் சத்தம்கூட இல்லை.

உள்ளே வந்து பார்த்தால் நீ கண்ணைத் திறக்காமலே கேட்டாய், “அம்மா வந்திருக்காங்களாப்பா? கூப்பிட்டாங்களே.”

“டிவிம்மா” என்றேன். கரண்ட் இல்லாத வீட்டில்.

உடனே உங்கம்மாவுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. என் மனசு எங்கெங்கோ போனது, அதை இங்கே எழுத மாட்டேன். கடைசியில் எடுத்தாள். “என்னுங்க, தூங்கறப்பப் போய்…” என்று தூக்கக் கலக்கத்தில் எரிந்து விழுந்தாள். வாழ்க்கையில் திட்டு வாங்கி அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

மூன்றாவது நாள், காலையிலிருந்து முன்வாசலையே காவல் காத்தேன். யாரும் கூப்பிடவில்லை. உனக்குக் கஞ்சி எடுக்கப் பாத்திரமும் கரண்டியுமாக அடுக்களைக்குள் திரும்பினேன். அடுக்களை நடுவில், அடுப்புக்குப் பக்கத்தில், நனைந்த வெளிறிய சேலையோடு அவள் நின்றுகொண்டிருந்தாள். பின்கதவு திறந்திருந்தது. கஞ்சிப் பாத்திரம் என் கையில் இல்லை, தரையில் இருந்தது. எப்போது அங்கே போனது என்று தெரியாது.

“புள்ள எங்கங்க ஐயா?” என்றாள்.

நான் என்ன பதில் சொன்னேன் என்று நீ பிறகு எல்லோரிடமும் நடித்துக் காட்டினாய், அதனால் மறைத்துப் பிரயோஜனமில்லை. கரண்டியை நீட்டிப் பிடித்துக்கொண்டு, “நாளைக்கு, நாளைக்கு” என்றேன். அவள் கரண்டியை ஒதுக்கிவிட்டு உள்ளே போனாள். ஒதுக்கின கை சூடாக இருந்தது. ரொம்ப சாதாரணமான, கொஞ்சம் சொரசொரப்பான கை. அப்போதுதான் குனிந்து பார்த்தேன், சேறு அப்பிய செருப்போடு இரண்டு கால்.

அவள்தான் சந்திரா மிஸ், இந்த வட்டாரத்து அரசாங்க மருத்துவச்சி; இங்கே நர்ஸையும் மருத்துவச்சியையும் மிஸ் என்றுதான் கூப்பிடுகிறார்கள். முழுகாமல் இருக்கும் பெண் எந்த வீட்டில் இருந்தாலும், யாரும் கூப்பிடாமல் தானே தேடிப் போய்ப் பார்ப்பது அவள் வேலை. இதை உன்னிடமே கேட்டிருக்கலாம். நான் கேட்டதெல்லாம் ஊசி இருக்கிறதா, மருந்து இருக்கிறதா என்றுதான். கூப்பிடாமல் வீடு தேடி வருகிற ஆஸ்பத்திரி ஒன்று இருக்கக்கூடும் என்று எனக்கு எப்படித் தோன்றும்? நம் ஊரிலும் வீட்டுக்கு வருகிறவர்கள் இருந்திருப்பார்கள். நம் வீட்டுக் கேட்டில்தான் ‘நாய் ஜாக்கிரதை’ போர்டு இருக்கிறதே, நாயே இல்லாமல்.

அவள் உன் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். முகம் மாறவில்லை. மறுபடியும் அடித்தாள். “தலை நோவுதா புள்ள?” நீ என்னைப் பார்த்தாய். “கண்ணுக்கு முன்னால பூச்சி பறக்குதா?” நீ மறுபடியும் என்னைப் பார்த்தாய், பிறகு தலையாட்டினாய். “ஐயா, பிரஷர் நல்லாக் கூடியிருக்கு. இப்பவே போகணும். உடுப்பு ஏதாச்சும் ரெண்டு எடுங்க” என்றாள். அவள் போன் பண்ணி வரவழைத்த ஆட்டோவில், அந்தக் கொடிகளுக்குக் கீழேயே நீ இறங்கிப் போனாய். ஒவ்வொரு கொடியும் வண்டிக் கூரையைத் தடவிவிட்டது. நான் எண்ணாமல் இருக்கப் பார்த்தேன்.

பெரிய அரசாங்க ஆஸ்பத்திரி. வாசலில் உன் பேரைக் கேட்டார்கள், உன்னைத் தள்ளிக்கொண்டு போனார்கள், ஒரு கதவு மூடியது. ஆண்களுக்கு அதற்கு மேல் இடமில்லை. சந்திரா மிஸ் மட்டும் உள்ளே போனாள். எனக்கு ஒரே ஒரு வேலைதான் தெரியும், பணம் கட்டுவது. நீ பிறந்த நர்சிங் ஹோமில், வாசலில் நுழைந்ததும் கேஷ் கவுன்ட்டர், அதற்குப் பின்னால்தான் டாக்டர் இருப்பதாக ஐதீகம். உன்னை வீட்டுக்கு விட, சாப்பிடப் போன கேஷியர் திரும்பி வரும் வரை காத்திருந்தோம். அதனால் இங்கேயும் கவுன்ட்டரைத் தேடினேன். நீளமான தாழ்வாரம், முடிவில் ஒரு புத்தர், அவர் தலைக்குப் பின்னால் சுற்றிச் சுற்றி எரிகிற கலர் பல்பு. திரும்பினால் இன்னொரு தாழ்வாரம், அதன் முடிவில் பனி. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஆட்கள் சத்தமில்லாமல் நடந்தார்கள். பில் எங்கே கட்டுவது என்று தமிழில் கேட்டேன், கன்னடத்தில் கேட்டேன், பதற்றத்தில் இங்கிலீஷில் கூடக் கேட்டேன். எல்லோரும் பரிதாபமாகப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு ஊழியர் தமிழில், “எதுக்கு ஐயா?” என்றார். பணம் வாங்க ஆளே இல்லாத ஆஸ்பத்திரி எவ்வளவு பயமாக இருக்கும் என்று உனக்குத் தெரியாது. கட்டியிருந்தால் யாரையாவது அதட்டலாம். கட்டாதவன் எந்த வாயால் கேட்பான், என் மகள் பிழைப்பாளா என்று?

மலரைப் படித்துவிட்டு நாளைக்கே எல்லோரும் இலங்கைக்கு டிக்கெட் போட்டுவிடக்கூடாது, அதனால் மற்றதையும் சொல்கிறேன். கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒருவர் பக்கவாட்டில்தான் நடக்க முடிந்தது. ஒரு மருந்து இல்லை, தகவல் கேட்டு வந்து சேர்ந்த மாப்பிள்ளை வெளியே ஓடி வாங்கிவந்தார். பாதி அறிவிப்புகள் எனக்குப் புரியவில்லை. ஆனால் சாக்பீஸ் பொடி இல்லை, உன் ரத்த வகையும் மாறவில்லை. ஓ பாசிட்டிவ்தான், அட்டையில் பார்த்தேன்.

சந்திரா மிஸ் வெளியே வந்து என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். “மருந்து ஏத்துறாங்க. பிரஷர் எறங்கினா பிறகு புள்ளைய எடுப்பாங்க. ரெண்டு பேரையும் காப்பாத்த ஏலும்னு டொக்டர் சொல்றார்” என்றாள். பிறகு, என்னைத் திசைதிருப்பத்தானோ என்னவோ, “ஐயா, உங்க ஊர்ல காசு கட்டுற வரைக்கும் புள்ளையக் காட்ட மாட்டாங்களாமே? எல்லாருக்கும் வயித்த வெட்டித்தான் எடுப்பாங்களாமே?” என்று கேட்டாள். சாமுண்டி மேல் சத்தியமாக அப்படியெல்லாம் இல்லை என்று மறுத்தேன். மறுக்கும்போதே அந்தக் கேஷியர் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தது கண்ணில் வந்து நின்றது.

“ரெண்டு நாளும் உங்களைத் திருப்பி அனுப்பிட்டேனே, மன்னிச்சுக்கணும்” என்றேன்.

“ரெண்டு நாளா? நான் ஒரு நாள்தானே வந்தேன் ஐயா. நேத்து கிளினிக் நாள், பகல் முழுக்க அங்கதான். புள்ள வரும் வரும்னு பாத்தேன், வரல. அதான் இன்னைக்கு வந்தேன். முன்னால கதவு திறக்கல, பின்னால சுத்தி வந்தேன்.”

“அம்மிணின்னு கூப்பிட்டீங்களே.”

“அது யாருங்க அம்மிணி?” என்றாள்.

பெஞ்சு குளிர்ந்தது. உங்கம்மாவுக்குத் தகவல் சொல்லப் போன் எடுத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள். “ஏனுங்க, உங்களக் கேக்கோணும்னு இருந்தேன். நேத்து மத்தியானம் கண்ணசந்தனா, அம்மிணி ஊட்டு வாசல்ல நிக்கறேன். கூப்புடறேன் கூப்புடறேன், ஆரும் வரல. நீங்க உள்ளார இருந்துட்டு ‘நாளைக்கு வா’ங்கறீங்க. கட்டுன பொண்டாட்டிய!”

“கனவுதானே” என்றேன்.

“கனவோ என்னமோ. வர்ற வழியெல்லாம் வெள்ளத்துணி கட்டியிருந்துச்சு. எதுக்குங்க அது?”

கொடியைப் பற்றி நான் சொல்லவில்லை. நீ சொல்லவில்லை என்றாய். மாப்பிள்ளையும் இல்லை என்று தலையில் அடித்துச் சொன்னார். நான் வழக்கமாக இந்த இடத்தில் ஒரு ஜோக் வைப்பேன். தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. ஒன்று மட்டும் தெரிகிறது. முதல் நாள் வந்தவளும் மறுநாள் வந்தவளும் உன்னைப் பார்க்கத்தான் வந்தார்கள். இரண்டு பேருக்கும் நான் ஒரே பதிலைச் சொன்னேன். முன்பின் தெரியாத ஊரின் வாசலில் நின்றுகொண்டு, எங்கோ கேட்டுவைத்த கதையை வைத்துப் பதில் சொன்னால் இப்படித்தான். மாப்பிள்ளைக்குத் தெரியாது என்றேனே, அது இந்த விஷயம்தான். அவர் வீட்டு வாசலில் அவர் மாமியாரை நான் நிற்கவைத்துவிட்டேன்.

குழந்தை பிறந்தது உனக்குத் தெரியும், நான் சொல்ல வேண்டியதில்லை. பெண். சாரதம்மாவின் பாடத்தில் அதுவும் தப்பு. கண்ணாடிப் பெட்டிக்குள், ஒரு முழம்கூட இல்லாமல், எதையோ யோசிக்கிற மாதிரி கிடந்தாள். அதற்கப்புறம் உன் வீட்டில் நான் சமைத்த நாட்களில், மாப்பிள்ளை உப்புக் குறைவு என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நல்ல மனுஷன்.

நேற்று உன் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே கேட்டேன். வீக்கம் வடிந்து, எலும்பு தெரிகிற பழைய கால். “எப்ப இருந்து தலை வலிச்சுது, கண்ணு?”

நீ குழந்தையைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். “நீங்க வர்றதுக்கு முன்னாடியே.”

“கிளினிக்குக்கும் போகலையாமே.”

“போனா பிரஷர்னு சொல்லிடுவாங்க. நீங்க கூடவே வருவீங்க.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா மைசூருக்குக் கூட்டிட்டுப் போயிடுவீங்கப்பா.”

நான் எழுந்து போய்க் கை கழுவினேன். எண்ணெய் போக ரொம்ப நேரம் ஆயிற்று. அங்கே ஊசி இல்லை, மருந்து இல்லை, ஆளில்லை என்று பயந்து உன்னைக் காப்பாற்றக் கிளம்பி வந்தவன் நான். நீ பயந்தது என்னைப் பார்த்து. நான் வருகிறேன் என்றதால்தான் நீ வாயை மூடிக்கொண்டாய். பனிக்குள் நின்றது எதுவாக இருந்தாலும் இருந்துவிட்டுப் போகட்டும். அந்த மூன்று நாளில் உன் உயிருக்கு உலை வைத்தது வீட்டுக்குள் பூண்டு உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அதனால் ஊரறியச் சொல்கிறேன், நம் தெருவும் ஹனூர் மாமாவும் உங்கம்மாவும் படிக்கட்டும். இனிமேல் தலை வலித்தால் சொல். கால் வீங்கினால் சொல். குழந்தை பால் குடிக்காமல் அழுதால், மாப்பிள்ளையோடு சண்டை என்றால், இந்த மலையில் யாரோடும் பேசப் பிடிக்காமல் நீ ஒருநாள் சும்மா அழுதால்கூடச் சொல். எங்களிடம் சொல்லப் பிடிக்காவிட்டால் சந்திரா மிஸ்ஸிடம் சொல். கூப்பிட்டால் வருவோம், சமைத்துப் போடுவோம், கிளம்பிவிடுவோம். உன்னைக் கூட்டிக்கொண்டு போக யாரும் வர மாட்டோம்.

அப்பா